ஓப்பின் பேப்பரில் ஒரு பட்டா

யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணி வாங்குகிறவர்கூட கையெழுத்து வைக்க முன் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, பார்க்கச் சொல்வார். உறுதி எழுதும் நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு ஆள் அனுப்புவார். அந்தத் துண்டு யாரிடமிருந்து யாருக்கு வந்தது, இடையில் ஈடு வைக்கப்பட்டதா, சீதனமாகப் போனதா, பங்குக்காரர் எவரும் விடுபட்டிருக்கிறாரா என்று பழைய பதிவுகளெல்லாம் புரட்டப்படும். பார்க்கத் தேவையில்லை என்று கட்சிக்காரர் சொன்னால் அதையும் உறுதியின் அடியில் எழுதி வைப்பார். போர்த்துக்கேயர் தொடக்கி, ஒல்லாந்தர் விரிவாக்கிய பதிவேட்டுப் பழக்கம் அது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசுக்கும் சாட்சிகளுக்கும் முன்னால் எழுத்தில் நடக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எல்லை வேலியில் ஒரு கதியால் தள்ளி நடப்பட்டதற்கே பரம்பரையாக வழக்காடிய ஊர் எங்களுடையது.

அதே ஆட்கள், ஒரு காணித் துண்டின் விலை போகிற வாகனத்தை ஒரு பின்னேரத்துக்குள் வாங்கி முடிக்கிறார்கள். எஞ்சின் சத்தம் கேட்பார்கள், ரயரைத் தட்டிப் பார்ப்பார்கள், கராச்சுக்காரர் ஒருவரைக் கூட்டிப் போய் அடியில் கறள் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வைப்பார்கள். பிறகு காசை எண்ணிக் கொடுத்துவிட்டு ஒரு கடித உறைக்குள் இருக்கும் பேப்பர்களை வாங்கிக்கொண்டு வருவார்கள். உரிமையாளர் கையெழுத்து மட்டும் வைத்த மாற்றல் படிவங்களோடு, பெயர் மாற்றாமலே வாகனம் கைமாறும் இந்த வழக்கத்தைத்தான் ஓப்பின் பேப்பர் என்கிறோம். இரும்பைப் பார்க்கிற அளவுக்கு உரிமையைப் பார்ப்பதில்லை.

நான் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காணி உறுதிகள் என் கையால் தினமும் போகின்றன. எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு வாகனப் பிரச்சினை வந்த பிறகுதான் இதை இவ்வளவு விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

அக்காவும் அத்தானும் உரும்பிராய்ப் பக்கம் தோட்டம் செய்கிறார்கள். சின்ன வெங்காயம், பீற்றூட், மழைக்குப் பிறகு கத்தரி. மருதனார்மடம் சந்தைக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் மூட்டை ஏற்ற ஒவ்வொரு முறையும் வாடகை வாகனம் பிடித்தே வெங்காயத்தில் வந்த காசில் பாதி போய்க்கொண்டிருந்தது. 2023இல் பட்டா ஒன்று எடுப்பதென்று முடிவெடுத்தார்கள். டாட்டா ஏஸ் சின்ன லொறியைத்தான் இங்கே பட்டா என்போம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போது இன்னும் திறக்கவில்லை. தனியார் வாகனங்களுக்கு அது 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே 2023இல் ஓடித் தேய்ந்த வாகனத்துக்கும் புது வாகன விலை சொன்னார்கள். நல்ல நிலையில் ஒன்று கண்ணில் பட்டால் இரண்டாவது ஆள் வர முன் எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றம் எல்லோரிடமும் இருந்தது.

விற்றவர் பக்கத்து ஊர்க்காரர், தெரிந்தவர் மூலம் வந்தவர். வாகனத்தில் ஒரு குறையும் இல்லை. கராச்சுக்காரர் சேசிஸ் இலக்கத்தின் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் உரசி எடுத்து, புக், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழின், கொப்பியில் இருந்த இலக்கத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. வரி அனுமதிப்பத்திரம் இருந்தது, காப்புறுதி இருந்தது, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருந்தது. பதிவு உரிமையாளர் கையெழுத்து வைத்த மாற்றல் படிவங்களும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் இருந்தன. லீசிங் கொடுத்த நிறுவனத்தின் பெயர் வருகிற முழு உரிமையாளர் என்ற இடம் புக்கின் கொப்பியில் வெறுமையாக இருந்தது. லீசிங் இல்லை என்று அர்த்தம்.

"ஒறிஜினல் புக் எங்கை?" என்று அத்தான் கேட்டிருக்கிறார்.

"ஓனர் தம்பி கனடா போட்டார் அண்ணை. தாய் தேப்பன் வைச்சிருக்கினம். மிச்சக் காசைத் தாற அண்டைக்கு நானே எடுத்துக்கொண்டு வந்து தாறன். ஒரு பிரச்சினையும் இல்லை, நம்பி எடுங்கோ."

அத்தான் ஒரு தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். புக் வந்ததும் தருவதாகப் பேச்சு. இதில் அவர் செய்ததெல்லாம் ஊர் வழமைக்குள் நிதானமாக நடக்கிற ஒரு ஆள் செய்கிறதுதான்.

சில மாதங்கள் கழித்து, விடியப்புறம் மருதனார்மடத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்து திறப்பைக் கேட்டார்கள். நிதி நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். சத்தம் போடவில்லை. கையில் பைல் வைத்திருந்தார்கள். வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம், பதிவு உரிமையாளரின் பெயர் எல்லாம் பொருந்தின. லீசிங் தவணை நீண்ட காலமாகக் கட்டப்படவில்லை, வாகனம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்றார்கள். சந்தையில் தெரிந்த முகங்கள் எல்லாம் சுற்றி நின்று பார்க்க, வெங்காயத்தை இறக்கி முடிக்கவாவது நேரம் தாருங்கள் என்று அத்தான் கேட்டுக்கொண்டு நின்றார். அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தபோது, "உன்ரை அத்தானைக் கள்ளன் மாதிரி மறிச்சு வைச்சிருக்கினம்" என்றுதான் சொன்னாள். அந்த வசனத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஒரு சிறு கட்டணம் செலுத்தினால் எந்த வாகன இலக்கத்துக்கும் அடிப்படை விபரம் பார்க்கலாம். முழு உரிமையாளர் யார், எஞ்சின் இலக்கம் என்ன, வகை, தயாரிப்பு ஆண்டு, சிறப்பு நிபந்தனைகள் எல்லாம் வரும். அன்றைக்கே நான் அதைப் பார்த்தேன். முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. அத்தானிடம் இருந்த கொப்பியும் பொய்யான கொப்பி இல்லை. அது லீசிங் போடுவதற்கு முந்திய காலத்துக் கொப்பி. வாகனம் சுத்தமாக இருந்த நாளில் எடுத்த போட்டோப் பிரதி. அதற்குப் பிறகு புக் லீசிங்கில் போய்விட்டது. கொப்பி மட்டும் பழைய உண்மையைச் சொல்லிக்கொண்டு கைமாறியது.

நடந்தது இதுதான். பதிவு உரிமையாளரான இளைஞர் வெளிநாடு போகக் காசு சேர்க்க 2021இல் வாகனத்தை லீசிங்கில் போட்டார். போகும்போது, மிச்சத் தவணையைத் தானே கட்டுவதாகச் சொன்ன ஒருவரிடம், பிறகு அத்தானுக்கு விற்ற அதே ஆளிடம், வாகனத்தைக் கொடுத்து, திறந்த மாற்றல் படிவங்களில் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். இங்கே இது நாளாந்தம் நடப்பது. வாங்கியவர் கொஞ்சக் காலம் கட்டினார். பிறகு 2022 வந்தது. யூனில் டீசல் லீற்றர் 460 ரூபாய் ஆனது. அதுவும் கிடைக்காமல் நாட்கணக்கில் வரிசை. பிறகு கியூஆர் முறையில் அளந்து கொடுத்தார்கள். ஓட்டமில்லாத வாகனத்துக்குத் தவணை கட்ட அவரால் முடியவில்லை. அவருடைய கஷ்டம் எனக்கு விளங்குகிறது. அந்த வருடம் கஷ்டப்படாத வீடு எது? ஆனால் அந்தக் கஷ்டத்தை அப்படியே பழைய கொப்பியோடு சேர்த்து மடித்து, தோட்டம் செய்கிற இன்னொரு குடும்பத்தின் தலையில் இறக்கி வைத்தாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. தவணை நின்றது அவருக்குத் தெரியும். புக் கனடாக்காரரின் தாய் தகப்பனிடம் இல்லை, நிறுவனத்தின் அலுமாரிக்குள் இருக்கிறது என்பதும் தெரியும். "லீசிங் இருக்கு அண்ணை, இவ்வளவு கட்ட இருக்கு, விலையில் கழிச்சுத் தாறன்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அத்தான் அதற்கேற்ற விலை பேசியிருப்பார், அல்லது எடுக்காமல் விட்டிருப்பார்.

ஓப்பின் பேப்பர் என்ற இந்தப் பழக்கம் எப்படி எங்களிடம் இவ்வளவு ஆழமாக ஊறியது என்று யோசித்திருக்கிறேன். தென்பகுதியிலும் இது உண்டு. ஆனால் இங்கே அதற்கு இன்னொரு காரணம் இருந்தது. வாகனத்தைப் பெயர் மாற்ற, கொழும்பில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இருக்கும் நாரகேன்பிட்டிக்குப் போக வேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் நாரகேன்பிட்டி எங்களுக்கு எங்கே இருந்தது? கிளாலியில் இரவு படகேறி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல்நீரேரியைக் கடந்த காலத்தில், ஒரு எம்.டி. 90 மோட்டார் சைக்கிளின் புக்கில் பெயர் மாற்றுவதற்காக யார் போவார்? பெற்றோல் தடையால் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்கள் அவை. படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு ஓடினார்கள். 2006 ஓகஸ்ட்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டு யுத்தம் முடியும் வரை மூடியே கிடந்தது. அப்போதும் அப்படித்தான். வேறு வழி இல்லாமல் வந்த பழக்கம் அது. யாரையும் குறை சொல்ல இடமில்லை.

பாதை திறந்தது. இரவு பஸ் ஏறினால் விடிய கொழும்பு. ஆனால் பழக்கம் மட்டும் மூடிய பாதைக்காலத்திலேயே நின்றுவிட்டது. அதோடு, யுத்தத்துக்குப் பிறகு நிதி நிறுவனக் கிளைகள் யாழ்ப்பாண நகரெங்கும் திறந்து, ஓட்டோவுக்கும் ரக்ரருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் லீசிங் கொடுக்கத் தொடங்கின. முன்பு ஓப்பின் பேப்பரில் கைமாறிய வாகனத்துக்குப் பின்னால் ஒரு பெயர் மாற்றம் மட்டும்தான் நிலுவையில் இருந்தது. இப்போது பின்னால் கடன் இருக்கிறது, பிணை வைத்தவர்கள் இருக்கிறார்கள், சில வேளைகளில் வழக்கு இருக்கிறது. பேப்பர் அதே பேப்பர்தான், அதன் பின்னால் நிற்கிற ஆபத்து பல மடங்கு.

இடம்பெயர்வும் புலம்பெயர்வும் இதை இன்னும் சிக்கலாக்குகின்றன. எங்கள் அலுவலகத்துக்கு வருகிற வாகனப் பிரச்சினைகளில் என்னை அதிகம் வருத்துவது, பதிவு உரிமையாளர் இறந்துபோன வாகனங்கள். மூன்று நான்கு கை மாறி வந்திருக்கும். இப்போது வைத்திருப்பவருக்கு அந்த முதல் ஆளின் முகமே தெரியாது. கையெழுத்து வைத்த படிவம் கிழிந்திருக்கும், அல்லது பழைய படிவம் என்று ஏற்கமாட்டார்கள். மறுபடி கையெழுத்து வாங்கலாம் என்று தேடிப் போனால் அவர் லண்டனில் காலமாகிவிட்டார் என்று தெரியவரும். சிலர் வன்னியில், 2009இல். அப்போது வாரிசுகளைத் தேட வேண்டும், மரணச் சான்றிதழ் வேண்டும், சொத்தின் பெறுமதியைப் பொறுத்து நீதிமன்றத்துக்கும் போக வேண்டிவரும். பிள்ளையை இழந்த ஒரு தாயின் வீட்டு வாசலில் போய் நின்று, "உங்கடை மகன்ரை பேரில ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கு அம்மா" என்று தொடங்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கே பெயர் மாற்றியிருந்தால் அந்தத் தாயை யாரும் அப்படித் தொந்தரவு செய்ய வேண்டி வந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பலர் சட்டமே இல்லை என்று நினைக்கிறார்கள். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி வாகனம் கைமாறி 14 நாட்களுக்குள் விற்றவர் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், வாங்கியவர் தன் பெயருக்குப் பதிய விண்ணப்பிக்க வேண்டும். எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற படிவங்கள் அதற்குத்தான். அவற்றைத் திகதி இல்லாமல் கையெழுத்து வைத்து உறைக்குள் போட்டுக் கைமாற்றுவதற்கு இல்லை. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ், லீசிங் முடியும் வரை வாகனத்தின் உரிமை நிறுவனத்திடமே இருக்கிறது. எடுத்தவருக்கு இருப்பது பாவிக்கிற உரிமை மட்டும். அவர் விற்றாலும் வாங்கியவருக்கு உரிமை போய்ச் சேராது.

ஆனால் வாங்கியவர் வெறுங்கையோடு நிற்கவும் இல்லை. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பொருளை விற்கிறவருக்கு அதை விற்கும் உரிமை இருக்க வேண்டும், வாங்கியவர் அதை இடையூறில்லாமல் வைத்திருக்க முடிய வேண்டும், வாங்கியவருக்குச் சொல்லப்படாத கடன் சுமை எதுவும் அதன்மேல் இருக்கக்கூடாது. பேச்சில் இவை சொல்லப்படாவிட்டாலும் விற்பனைக்குள் அடங்கியவை என்கிறது அந்தச் சட்டம். நூற்று இருபது வருடத்துக்கு மேலாக நடைமுறையில் இருக்கும் சட்டம். "நீங்கள் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை" என்று விற்றவர் சொன்னால் அது அவருக்குக் கவசமாகாது. வேண்டுமென்றே மறைத்து ஒருவரை ஏமாற்றிக் காசு வாங்கியிருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு வரையறுக்கும் ஏமாற்றுதலும் அதில் வரலாம். பொலிஸில் இது சிவில் பிரச்சினை என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். முறைப்பாட்டை எழுத வைத்துப் பிரதியும் வாங்கிக்கொண்டுதான் வந்தோம். அந்தப் பிரதி பிறகு எல்லா இடத்திலும் உதவியது.

கனடாவில் இருந்த இளைஞரை வட்ஸ்அப்பில் பிடித்தோம். அவர் ஒளிக்கவில்லை. "அண்ணை, அவர் கட்டுறார் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான். பிணை வைச்ச மாமாவுக்குக் கடிதம் வரேக்கைதான் எனக்கே தெரியும்" என்றார். அந்த மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர். மருமகன் வெளிநாடு போகட்டும் என்று நல்ல மனதோடு கையெழுத்து வைத்தவர். நிறுவனத்தின் கடிதம் அவருடைய ஓய்வூதியத்தைக் குறிவைத்து வந்திருந்தது. ஒரு ஆள் சொல்லாமல் விட்ட ஒரு வசனம், உரும்பிராயில் ஒரு தோட்டக்காரரையும் வலிகாமத்தின் இன்னொரு மூலையில் ஒரு வயதான வாத்தியாரையும் ஸ்காபரோவில் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை செய்யும் பிள்ளையையும் ஒரே கிழமைக்குள் நித்திரை இல்லாமல் ஆக்கியிருந்தது.

அந்தப் பிள்ளை சொன்ன ஒரு விசயம் என் மனதில் நிற்கிறது. அவர் அங்கே பழைய கார் ஒன்று வாங்கினாராம். ஒன்ராறியோ மாகாணத்தில் தனியாள் ஒருவர் பாவித்த வாகனம் விற்பதென்றால், மாகாண அரசிடமிருந்து அந்த வாகனத்துக்கான தகவல் பொதியை எடுத்து வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். மாகாணத்துக்குள் அது யார் யார் பெயரில் பதியப்பட்டிருந்தது, அதன்மேல் பதிவான கடன் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். மோசமாக அடிபட்டு ஒதுக்கப்பட்ட வாகனம் என்றால் அதற்கென்று பதிவில் குறியும் விழும். எங்கள் புக்கில் அடிபட்ட கதைக்கு ஒரு கட்டமும் இல்லை. காப்புறுதி நிறுவனம் முழு நட்டம் என்று காசு கொடுத்துவிட்டு இடிந்த வாகனத்தை விற்று, யாரோ அதை வாங்கி ஒட்டிப் பூசி, பளபளவென்று சந்தைக்குக் கொண்டு வந்தாலும் புக் பழையபடியே சுத்தமாக இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து போன பிள்ளைக்கு அங்கே கிடைக்கிற அந்தப் பாதுகாப்பு இங்கே இருக்கிற தாய் தகப்பனுக்கும் கிடைக்க வேண்டும். விற்கிறவர் திணைக்களப் பதிவின் அன்றைய நிலையை எடுத்து வாங்குபவர் கையில் கொடுப்பது கட்டாயம் என்று ஒரு விதி வந்தால், இந்தக் கட்டுரையில் சொன்ன துன்பத்தில் பெரும் பகுதி நடக்காது. தரவு ஏற்கனவே இருக்கிறது. விற்பவர் தலையில் கடமையை வைப்பதுதான் மிச்சம்.

அதுவரை, என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்வது: கொப்பியைப் பார்த்தால் அதன் வயதைக் கேளுங்கள். முற்பணம் கொடுக்க முன் இணையத்தில் அன்றைய விபரத்தை நீங்களே பாருங்கள். விற்கிறவர் அனுப்பிய படத்தை நம்பாதீர்கள். முந்திய உரிமையாளர்களின் வரலாறு வேண்டுமென்றால் திணைக்களத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். லீசிங் கட்டி முடிந்தது என்றால் நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதத்தோடு, முழு உரிமையாளர் பெயர் பதிவிலிருந்தும் நீங்கியிருக்க வேண்டும். கடிதம் மட்டும் மேசை லாச்சிக்குள் கிடந்து பயனில்லை. பதிவு உரிமையாளரை நேரில் பார்க்க முடியாவிட்டால் வீடியோவிலாவது பேசுங்கள். வாகனம் எங்கே, யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். கையெழுத்து உள்நாட்டில் கிடைக்காத இடத்தில் அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் பத்திரம், கேளுங்கள். இவற்றைக் கேட்டால் விற்கிறவர் கோபிப்பார் என்று கூச்சப்பட வேண்டாம். காணிக்குத் தோம்பு பார்க்கும்போது யாரும் கோபிப்பதில்லை.

நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையில் இருந்த முகாமையாளர் மனிதத்தன்மையோடு நடந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வாகனத்தை உடனே ஏலத்தில் போடாமல் அவகாசம் தந்தார், தண்ட வட்டியில் ஒரு பகுதியைத் தலைமையகத்துக்கு எழுதிக் கழிப்பித்தார். அத்தான் பிடித்து வைத்திருந்த மிச்சக் காசு அங்கே போனது. பற்றாததற்கு அக்காவின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது. கனடாத் தம்பி தானும் ஒரு தொகை அனுப்பினார், கேட்காமலே. ரொறொன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத்தூதரகத்தில் போய் அற்றோணித் தத்துவத்தில் கையெழுத்து வைத்து மாமாவின் பெயருக்கு அனுப்பினார். நிறுவனத்தின் பெயர் பதிவிலிருந்து நீங்கி, நாரகேன்பிட்டியில் மாற்றம் முடிந்து, அத்தானின் பெயரோடு புக் கைக்கு வந்தது. வாத்தியாருக்கும் பிணையிலிருந்து விடுவித்த கடிதம் கிடைத்தது. அதை வாங்க அவர் வேட்டி சால்வையோடு நேரில் கிளைக்கு வந்திருந்தார்.

விற்றவரோடு ஊர்ப் பெரியவர்களை வைத்து இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தோம். திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார், ஒரு பங்கைத் தந்தார், பிறகு தொலைபேசி எடுப்பதை நிறுத்தினார். கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம், பதில் இல்லை. மிச்சப் பணத்துக்கும், வாகனம் நின்ற காலத்தில் வாடகை வாகனம் பிடித்த செலவுக்கும் யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்திருக்கிறோம். மனுவில் முதல் ஆவணமாக இணைத்திருப்பது அந்தப் பழைய புக் கொப்பி. அழைப்பாணை சேர்ந்துவிட்டது. அவருடைய மறுமொழிக்குத் தவணை கொடுத்திருக்கிறார்கள்.